மைலேஜுக்கும் ஒரு லைசென்ஸ் உண்டு

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், ஐ.டி.ஐ. மற்றும் பாலிடெக்னிக் மாணவர்கள் கலந்துகொண்ட சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகுது. கிரிவலக் கூட்டத்துக்கு விடிய விடிய வண்டி ஓட்டிய அண்ணன்மார்கள் பலர் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துடறேன்.

லைசென்ஸ் என்று சொன்னதும் உங்க கை சட்டைப் பைக்குத்தான் போகும். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த லைசென்ஸ் பற்றி இல்லை. உங்க வண்டிக்குள்ளே ஓடுகிற என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற லைசென்ஸ் பற்றி. எரிபொருளை மிச்சப்படுத்துகிற ஒரு நுட்பத்தை ஒருவர் கண்டுபிடிக்கிறார். அதை இன்னொரு வண்டிக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருகிறார். அந்த அனுமதிக்குப் பெயர்தான் தொழில்நுட்ப உரிமம், டெக்னாலஜி லைசென்ஸ்.

இந்தப் பகுதியில் இதைப் புரியவைப்பது சுலபம். குளிர்கால சீசனில் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விடுறீங்க. வீடு உங்களுடையதுதான், பட்டா உங்க பேர்லதான். அவர் குடியிருக்கிறார், வாடகை தருகிறார். கண்டுபிடிப்புக்கும் இதே கணக்குதான். பட்டாவுக்குப் பதில் பேட்டண்ட், அதாவது காப்புரிமை. வாடகைக்குப் பதில் ராயல்டி. ஒரே ஒரு வித்தியாசம்: வீட்டில் ஒரு குடும்பம்தான் குடியிருக்க முடியும், கண்டுபிடிப்பை ஒரே நேரத்தில் பத்து கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் பட்டா மாதிரி இது காலத்துக்கும் நிற்காது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். அதற்குப் பிறகு அது ஊர்ப் பொதுச் சொத்து.

சரி, ஒரு கம்பெனி எதற்காக இன்னொருவரின் கண்டுபிடிப்புக்குக் காசு கொடுக்கும்? பெரும்பாலும் பாசத்தால் இல்லை, தேதியால். அரசாங்கம் ஒரு புகை விதியைப் போட்டு, "இந்தத் தேதிக்குப் பிறகு இந்த அளவுக்கு மேல் புகை விட்டால் வண்டியை விற்க முடியாது" என்று சொல்லும்போதுதான், நல்ல யோசனைக்கு விலை கூடுகிறது.

அந்த மூன்று நாள் கூட்டம்

2017 மார்ச் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? பைக் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது. பி.எஸ்.-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ஆம் தேதி சொன்னது. நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்காமல் நின்றன. மூன்றே நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளுபடி கொடுத்துத் தள்ளினார்கள். நேற்று வரைக்கும் முழு விலைக்குப் போன வண்டி, ஒரு தேதி வந்ததும் விலை இறங்கிவிட்டது.

பி.எஸ். என்றால் பாரத் ஸ்டேஜ். 2000-இல் தொடங்கி படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்த விதி. பி.எஸ்.-5-ஐத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ்.-6 வந்தது. வண்டி மட்டும் மாறவில்லை, எண்ணெயும் மாறியது. பத்து லட்சம் பங்கில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றிருந்த அளவு 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

கார்களுக்கு இன்னொரு விதியும் இருக்கு. ஒரு கம்பெனி ஒரு வருஷத்தில் விற்கிற எல்லா கார்களையும் சேர்த்து, சராசரியாகக் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறது என்று பார்க்கிற விதி. 'கஃபே' விதி என்பார்கள். 2017-18-இல் தொடங்கிய முதல் கட்டத்தில் ஏறத்தாழ 130 கிராம். 2022-23 முதல் 113 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். அப்படிப் பார்த்தால் 113 கிராம் என்பது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் மாதிரி. ஆக, இது உண்மையில் மைலேஜ் விதிதான்.

இந்த இரண்டையும் குழப்பிக்கக்கூடாது. பி.எஸ். விதி நுரையீரலுக்கு ஆகாத வாயுவையும் தூசியையும் பார்க்கிறது. கஃபே விதி எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று பார்க்கிறது. ஒன்றில் பாஸ் ஆகிற என்ஜின் இன்னொன்றில் ஃபெயில் ஆகலாம். அதற்கு உதாரணம் நம்ம டாக்ஸி ஸ்டாண்டிலேயே நிற்குது.

டிசையருக்குள் இருந்த இத்தாலிக்காரர்

ஸ்விஃப்ட் டீசல், டிசையர் டீசல் ஓட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீங்க. பானெட்டைத் திறந்தால் சுசுகி என்றுதான் பார்த்திருப்பீங்க. ஆனால் அந்த 1,248 சிசி டீசல் என்ஜின் இத்தாலியின் ஃபியட் கம்பெனியுடைய மல்டிஜெட் என்ஜின். மாருதி சுசுகி குழுமம் ஃபியட்டிடம் உரிமம் வாங்கி, ஹரியானாவின் மானேசரில் அதைத் தயாரித்தது. 2007-இல் ஸ்விஃப்டில் வந்தது. அதே என்ஜின் டாடாவின் இண்டிகா விஸ்டாவிலும் வேறு பெயரில் ஓடியது. கடையில் எதிரெதிரே போட்டி போட்ட வண்டிகளுக்கு உள்ளே ஒரே என்ஜின்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. டீசலை ஒரு பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் தேக்கி வைத்து, தேவையான நொடியில் தேவையான அளவு பீய்ச்சுகிற 'காமன் ரெயில்' முறை. இதைக் காருக்குப் பொருந்துகிற மாதிரி வளர்த்தெடுத்ததில் ஃபியட் குழுமத்துக்குப் பெரிய பங்கு. ஆனால் பெரிய அளவில் உற்பத்திக்குக் கொண்டுபோகிற வேலையை 1990-களின் நடுவில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது வெளிவந்தது. பிறகு உலகம் முழுக்க அந்த முறையைக் கொண்டுபோய், பெரிய வியாபாரம் பார்த்தது பாஷ். விற்கிறதா, வாடகைக்கு விடுறதா என்பது எவ்வளவு பெரிய முடிவு பாருங்க. வீட்டை விற்றவருக்குப் பிறகு வாடகை வராது.

அந்த மல்டிஜெட்டுக்கு என்ன ஆச்சு? மைலேஜ் நல்லா கொடுத்தது. கஃபே கணக்குக்கு நல்ல பிள்ளை. ஆனால் பி.எஸ்.-6 வந்தபோது டீசல் புகையில் வருகிற நைட்ரஜன் ஆக்ஸைடையும் கரித் தூசியையும் பிடிக்க விலை கூடின கருவிகள் வேண்டியிருந்தது. சின்னக் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று, 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஒரு விதி அந்த என்ஜினுக்கு மதிப்பைக் கொடுத்தது; இன்னொரு விதி அதை எடுத்துக்கொண்டது.

சுள்ளித் தீயில் பிடித்த கட்டை

உலகத்தில் இந்த வகை உரிமத்துக்குப் பெரிய பாடமாகச் சொல்வது ஹோண்டாவின் கதையைத்தான்.

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்ஸைடும், எரியாமல் வெளியே போகிற ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறையணும் என்று சொன்னது. இந்தக் கால அவகாசத்தில் முடியாது என்று பெரிய கம்பெனிகள் வாதாடின. அப்போது கார் உலகத்தில் ஹோண்டா சின்னப் பிள்ளை. மோட்டார் சைக்கிளுக்குத்தான் பேர் போனது. 1972-இல் அவர்கள் சி.வி.சி.சி. என்ற என்ஜினை அறிவித்தார்கள்.

அதன் வேலையை விறகடுப்பை வைத்துச் சொல்லிடலாம். பெரிய கட்டையில் நேராகத் தீக்குச்சி வைத்தால் பிடிக்காது. சுள்ளியைப் பற்றவைத்தால் அந்தத் தீயில் கட்டை பிடிக்கும். ஹோண்டா சிலிண்டருக்கு மேலே ஒரு குட்டி அறை வைத்தது. அதில் பெட்ரோல் தூக்கலான கலவை. ஸ்பார்க் பிளக் அங்கேதான். பெரிய சிலிண்டரில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. குட்டி அறையில் பிடித்த தீ வெளியே வந்து, சாதாரணமாகப் பற்றாத அந்த மெலிந்த கலவையை நிதானமாக முழுசா எரிக்கும். எரியாமல் வெளியே போவது குறைந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதைச் சோதித்து, 1975 அளவுக்குள் வருகிறது என்று உறுதி செய்தது. பெரிய காருக்கு இது சரிப்படாது என்று பேச்சு வந்தபோது, ஹோண்டா ஒரு பெரிய செவர்லே இம்பாலா காரை வாங்கி, அதன் என்ஜினில் தன் முறையைப் பொருத்தி, அதையும் சோதனைக்கு அனுப்பித் தேறவைத்தது. வாய்ப் பேச்சில்லை, சோதனைச் சீட்டுதான் பதில்.

1972 கடைசியில் டொயோட்டா உரிமம் வாங்கியது. அடுத்து ஃபோர்டு, கிரைஸ்லர், இசுசு. சின்னக் கம்பெனியிடம் பெரிய கம்பெனிகள் வந்து நின்றன. தேதி நெருங்கியதால்தான் அது நடந்தது.

ஆனால் கதை அங்கே முடியலை. சைலன்சர் வழியில் வைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகத் தேறி வந்தது. ஆக்ஸிஜன் சென்சார், எலக்ட்ரானிக் எரிபொருள் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்ததும், 1980-களில் சி.வி.சி.சி. மெல்ல ஓரங்கட்டப்பட்டது. ஒரு சிக்கலுக்கு வேறொரு விடை வந்துவிட்டால் முதல் விடைக்கு வாடகை நின்றுவிடும். அதனால் கண்டுபிடிப்பு கையில் இருக்கிறவர் காலத்தைக் கடத்தக்கூடாது.

இரண்டு பிளக், பன்னிரண்டு வருஷம்

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். பல்சர் ஓட்டினவங்களுக்கு டி.டி.எஸ்.-ஐ என்ற பெயர் தெரியும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு பக்கமும் தீ பிடிப்பதால் மெலிந்த கலவையும் சீக்கிரம் எரியும், பெட்ரோல் மிச்சமாகும். புனே பஜாஜ் ஆட்டோ 2002 ஜூலையில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 2005 ஜூலையில் கிடைத்தது.

2007-இல் நம்ம ஓசூர் டிவிஎஸ் மோட்டார், ஃபிளேம் என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். ஆனால் மூன்று வால்வு. அந்த நுட்பத்துக்கு ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். என்ற என்ஜின் ஆராய்ச்சி நிறுவனத்தோடு கைகோத்திருந்தது. ஏ.வி.எல். மாதிரி நிறுவனங்கள் சொந்தப் பெயரில் கார் விற்பதில்லை; ஆராய்ச்சி செய்து நுட்பத்தைத்தான் விற்கின்றன.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி ஃபிளேமுக்குத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒரே பிளக்கோடு வண்டியை இறக்கியது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் வண்டியை விற்கலாம், ஆனால் விற்ற கணக்கைச் சரியாக வைத்திருக்கணும் என்றது. காப்புரிமை, வணிகச் சின்ன வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதத்தில் தீர்ப்புச் சொல்லணும் என்றும் சொன்னது. கடைசியில் 2019-இல்தான் இரண்டு பேரும் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். அதற்குள் ஃபிளேம் சந்தையிலேயே இல்லை.

இதில் யார் சரி, யார் தப்பு என்று நான் சொல்ல வரலை. நமக்கு வேண்டிய பாடம் வேறு. காப்புரிமையில் "இரண்டு பிளக் என்னுடையது" என்று ஒரு வரியில் எழுத முடியாது. சிலிண்டர் எவ்வளவு அகலம், வால்வு எத்தனை, பிளக் எந்த இடத்தில், அதனால் என்ன பலன் என்று எல்லைக்கல் நட்ட மாதிரி எழுதணும். நிலத்தகராறு எல்லைக்கல்லில்தான் வரும், இதுவும் அப்படித்தான். இன்னொன்று: 2002-இல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமையின் 20 ஆண்டுகள் 2022-லேயே முடிந்துவிட்டன. இனி அந்த விவரக்குறிப்பை எந்த மாணவரும் படித்து, எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆட்டோவுக்கு வந்த ஆஸ்திரேலிய நுட்பம்

ஆட்டோக்கார அண்ணன்மார்களுக்கு இது. பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவின் நீலப் புகை தெரியும்தானே? புதுக் கலவை உள்ளே வரும்போதே பழைய புகை வெளியே போகும். அந்தச் சந்தடியில் எரியாத பெட்ரோலும் சைலன்சர் வழியாகப் போய்விடும். காசும் போச்சு, காற்றும் கெட்டது.

ஆஸ்திரேலியாவில் ரால்ஃப் சாரிச் என்பவர் தொடங்கிய ஆர்பிட்டல் நிறுவனம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. புகை வழி மூடியபிறகு பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் நுண்துளியாகப் பீய்ச்சுவது. 1980-களின் கடைசியில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கார்களுக்காக உரிமம் வாங்கின. பத்திரிகைகளில் பெரிய செய்தி. ஆனால் அந்தக் கார்கள் பெரிய அளவில் கடைக்கு வரவே இல்லை. அதே நுட்பம் படகு என்ஜின்களில் நன்றாக ஓடியது. 2007-இல் பஜாஜ் அதை ஆட்டோவிலும் கொண்டுவந்தது. பிறகு ஃபோர் ஸ்ட்ரோக்கும், எரிவாயு ஆட்டோவும், இப்போ மின்சார ஆட்டோவும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

கையெழுத்து ஆனதாலேயே கண்டுபிடிப்பு ஜெயித்துவிடாது. எந்த வண்டிக்கு, எந்த விலைக்குப் பொருந்தும் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

சில சமயம் வாடகையே கேட்காமலும் தருவாங்க. 2019 ஏப்ரலில் டொயோட்டா, ஹைபிரிட் மற்றும் மின்வாகனம் தொடர்பான ஏறத்தாழ 24,000 காப்புரிமைகளை 2030 வரை ராயல்டி இல்லாமல் தருவதாக அறிவித்தது. ஏன் இலவசம்? எல்லோரும் அந்த வழிக்கு வந்தால் உதிரிபாகம் அதிகம் விற்கும், விலை இறங்கும். தொழில்நுட்ப உதவிக்கு மட்டும் கட்டணம். 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் நுட்பம் டொயோட்டாவுடையதுதான்; அந்த வண்டி தயாராவது பெங்களூரு பக்கம் பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில்.

கிட் விற்க வருகிறவரிடம் மூன்று கேள்வி

இவ்வளவு கதையிலும் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்திருப்பீங்க: விதி, சோதனை, காகிதம். இதையே கேள்வியாக மாற்றி வைத்துக்கோங்க.

"இதை மாட்டினால் மைலேஜ் கூடும்" என்று காந்தம், குப்பியில் திரவம், சின்னப் பெட்டி என்று ஏதாவது விற்க யாராவது வரலாம். மொபைலில் விளம்பரமும் வரலாம். சண்டை போட வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்க.

ஒன்று, விதி அனுமதிக்குதா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் மாதிரி அனுமதிக்கப்பட்ட மாற்றத்துக்கும் ஒப்புதல் பெற்ற கிட்தான் வேணும், மாற்றியபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்யணும்.

இரண்டு, எங்கே சோதித்தது? புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம்ம தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் என்று சோதனைக் கூடங்கள் இருக்கு. எந்த மாடல் வண்டியில், எத்தனை சதவீதம் என்று அறிக்கையைக் காட்டச் சொல்லுங்க. "நம்ம ஃபிரெண்டு வண்டியில 10 கிலோமீட்டர் கூடிச்சு" என்பது அறிக்கை இல்லை.

மூன்று, காகிதம் எங்கே? பேட்டண்ட் இருக்குன்னு சொன்னால் எண்ணைக் கேளுங்க. இந்திய காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு போன்லேயே இலவசமாகத் தேடலாம். விண்ணப்பித்ததும் கிடைக்கிற எண் வேற. பரிசீலித்து வழங்கப்பட்ட காப்புரிமை வேற. இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க: காப்புரிமை என்பது "இது புதுசு" என்பதற்குச் சான்று. "இது உங்க வண்டியில் மைலேஜ் கூட்டும்" என்பதற்குச் சான்று இல்லை.

ரீல்ஸ் போடுறதுக்கு முன்னாடி

தம்பி, தங்கச்சிகளுக்குக் கடைசியாக முக்கியமான ஒன்று. பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்து வளர்ந்த கைகளும் உங்க பாடப்புத்தகமும் சேர்ந்தால், நல்ல யோசனை இந்த ஊரிலிருந்தும் வரும். ஆனால் வந்த உடனே நாம் செய்கிற முதல் வேலை என்ன? வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுறது.

அங்கேதான் ஆபத்து. காப்புரிமை கிடைக்க அது புதுசாக இருக்கணும். நீங்களே விண்ணப்பிக்கும் முன் உலகத்துக்குக் காட்டிவிட்டால், "இது ஏற்கெனவே வெளியான விஷயம்" என்று உங்க விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் சங்கக் கட்டுரை வாசிப்பு மாதிரி ஒருசில இடங்களுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. யூடியூபுக்கு அந்த விலக்கு கிடையாது.

வரிசையைச் சொல்றேன், குறித்துக்கோங்க.

முதலில் தேடுங்க. உங்க யோசனை ஏற்கெனவே பதிவாகி இருக்கா என்று காப்புரிமை இணையதளத்தில் பாருங்க. காலம் முடிந்த காப்புரிமைகளைப் படிப்பதே ஒரு படிப்பு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்திலும் வழி கேட்கலாம்.

இரண்டாவது, தற்காலிக விண்ணப்பம் போடுங்க. முழு வேலையும் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தத் தேதியிலிருந்து உங்க இடம் உறுதி. நமக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கு. ஆனால் அங்கே போகாமலே இணையத்தில் தாக்கல் செய்யலாம்.

மூன்றாவது, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கணும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு 31 மாதத்துக்குள் பரிசீலனைக்குத் தனியாக விண்ணப்பிக்கணும். தனிநபருக்கு இணையவழியில் 4,000 ரூபாய். பணம் கட்டும் நாளில் கட்டணத்தை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க. எல்லைக்கல் மாதிரி எழுதணும்னு சொன்னேனே, அதற்குக் காப்புரிமை முகவரின் உதவி தேவைப்படும். புத்தொழில் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றவர்களுக்கு அந்த உதவியாளர் கட்டணத்தை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கு.

நான்காவது, கல்லூரி புராஜெக்ட் என்றால் உரிமை யாருக்கு என்று முதலிலேயே எழுத்தில் பேசிடுங்க. யாரிடமாவது காட்ட வேண்டி வந்தால் ரகசியம் காக்கிற ஒப்பந்தம் போட்டுக்கிட்டுக் காட்டுங்க.

ஐந்தாவது, உரிமம் கொடுக்கும்போது வாய்மொழி செல்லாது. எழுத்தில் இருக்கணும், காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்யணும். ஒருவருக்கு மட்டுமா, பலருக்குமா? எந்த ஊர் சந்தைக்கு? முன்பணம் எவ்வளவு, ஒரு வண்டிக்கு எவ்வளவு? எந்தத் தேதிக்குள் தயாரிப்பு தொடங்கணும்? வாங்கி வைத்துக்கிட்டு அலமாரியில் போட்டுவிட்டால் என்ன? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இந்தியச் சட்டமும் இதைக் கவனிக்குது: காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டு கழிந்தும் மக்களுக்கு நியாயமான விலையில் கிடைக்காவிட்டாலோ, இங்கே பயன்படுத்தப்படாவிட்டாலோ, கட்டாய உரிமம் கேட்டு மற்றவர் விண்ணப்பிக்கலாம்.

நம்ம கையில் இருக்கிற பங்கு

இதெல்லாம் கம்பெனிக்காரங்க விஷயம், நமக்கென்ன என்று நினைக்காதீங்க. விதி தாளில் மட்டும் இருந்து, ரோட்டில் இல்லாவிட்டால், நல்ல என்ஜினுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. விதியை ரோட்டில் உயிரோடு வைத்திருப்பது நீங்க எடுக்கிற புகைச் சான்றுதான்.

எம்-பரிவாகன் செயலியில் டி.என்.-25 என்று தொடங்குகிற உங்க வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. வண்டி எந்த பாரத் ஸ்டேஜ் என்பது ஆர்.சி. விவரத்தில் இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது இதை முதலில் பாருங்க. புது வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு வருஷம் புகைச் சான்று தேவையில்லை. அதன்பிறகு பி.எஸ்.-4-உம் அதற்கு மேலும் என்றால் 12 மாதத்துக்கு ஒருமுறை, பழைய வண்டி என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கணும். சான்றைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்து இறக்கிக்கலாம். வண்டியைக் கொண்டுபோகாமல் சான்று தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீங்க. உங்க என்ஜின் எண்ணெயை வீணாக்குதா என்று காட்டுகிற குறைந்த செலவுச் சோதனையே அதுதான். கார்பன் மோனாக்ஸைடு அளவு கூடியிருந்தால், கொடுத்த பெட்ரோல் முழுசா எரியலை என்று அர்த்தம். நேராக மெக்கானிக்கிடம் போங்க. சர்வீஸில் வந்துவிடும் மிச்சம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானவர்கள் செருப்பில்லாமல் நடக்கிற பாதை. அவர்கள் மூச்சுக்கு நாம்தான் பக்கத்தில் நிற்கிறோம். அந்தக் காற்றைச் சுத்தமாக்குகிற ஒரு நுட்பம் நாளைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு பையனிடமிருந்தோ பொண்ணிடமிருந்தோ வந்தால், அது வீடியோவாகப் பறந்துபோகாமல், அவங்க பேரில் ஒரு எண்ணாகப் பதிவாகணும். விண்ணப்ப எண் வந்தபிறகு தாராளமாக ரீல்ஸ் போடுங்க. முதல் லைக் என்னுடையதாக இருக்கும்.